பூட்டிய அறையின் குளிர்

மார்ச் மாதம் பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. அரசு அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் உள்ள வாசிப்புக் கூடத்தை அடுத்த மாதம் முதல் மாலை ஐந்து மணிக்கே மூடிவிட வேண்டும் என்று ஓர் ஆணை பிறந்தது. அதை அக்கூடத்தின் கதவிலேயே ஒட்டிவிட்டும் போனார்கள். காரணம், மின்சாரச் சிக்கனம். படிக்க வருகிறவர்கள் மின்சாரத்தைத் தின்று தீர்க்கிறார்களாம். உண்மையில் தின்றது எது என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால், தண்டனை மட்டும் தயங்காமல் மாடி ஏறி வந்துவிட்டது. குறை இதுதான்.

ஆணையை முதலில் பார்த்தவர் நூலகர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கூடத்தைத் திறந்து மூடி வருகிற அம்மாள். ‘காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை’ என்று அவரே தம் கையால் எழுதி வைத்திருந்த அட்டையின் மேலேயே பசை தடவி ஒட்டியிருந்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு முறை படித்தார். நம்ப முடியாமல் மறுபடியும் படித்தார்.

ஐந்து மணிக்கு மேல்தான் அந்தக் கூடத்துக்கு உயிர் வரும். பகலில் நாளிதழ் புரட்டும் சிலரும், வெயிலுக்கு ஒதுங்கும் சிலரும் இருப்பார்கள். கடைகளும் தொழிற்சாலைகளும் ஆள்களை விடுவித்த பிறகே உண்மையான வாசகர்கள் படியேறி வருவார்கள். பகலெல்லாம் வாகனம் ஓட்டிவிட்டு வருகிறவர், துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கி வருகிறவர், மருந்துக் கடையில் இருந்து வருகிறவர் என எல்லாருக்கும் ஒரு தேர்வு இருந்தது. வீட்டில் ஓர் இரைச்சலும் இருந்தது. இவர்களை ஐந்து மணிக்கு வெளியேற்றுவது என்றால், இவர்களை உள்ளேயே விடாதிருப்பது என்றுதான் பொருள்.

மாலையில் முதலில் வந்தவர் ‘நீதிபதி’. நீதிபதிப் பதவிக்கான தேர்வைப் பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். தேர்வில் கிடைக்காத பதவியை வாசகர்கள் வாயால் கொடுத்துவிட்டார்கள். அவர் ஆணையைப் படித்துவிட்டுத் திரும்பினார்.

“தீர்ப்பு வந்துடுச்சு போலிருக்கே மேடம். விசாரணை எப்ப நடந்துச்சு?”

“போன மாசம் நடந்துச்சுப்பா. நமக்குத்தான் சம்மன் வரல.”

விசாரணை நடந்த அழகு வருமாறு. அரசுக் கட்டடங்கள் அனைத்தும் மின்சாரச் செலவைக் குறைக்க வேண்டும் என்று தலைமையிடம் எழுதியது. நல்ல எண்ணந்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. மின்சாரம் எங்கே போகிறது என்று கண்டறிய ஓர் ஆய்வுக்குழுவும் வந்தது. ஆனால், குழு வருகிறது என்னும் செய்தி குழுவுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. பிறகு கேட்க வேண்டுமா? முதல் மாடி முழுவதும் விளக்குகளை அணைத்தார்கள், விசிறிகளை நிறுத்தினார்கள். பெரிய அதிகாரி முதல் கடைசி எழுத்தர் வரை கோப்பு அட்டையால் விசிறிக்கொண்டு, வியர்வை வழிய, தியாகிகளைப்போல் அமர்ந்திருந்தார்கள். குழுவினர் அறை அறையாகச் சென்று எரிகிற விளக்கையும் சுழல்கிற விசிறியையும் எண்ணினார்கள். எண்ணுவதற்கு அதிகம் இல்லை. அன்று ஆள் வராததால் பூட்டியிருந்த அறைகளுக்கு எதிரே, ‘பூட்டிய அறை, பயன்பாடு இல்லை’ என்று குறித்துக்கொண்டார்கள்.

எண்ணியதைக் கூட்டிப் பார்த்தால், கட்டடம் உண்மையில் செலவழிக்கும் மின்சாரத்தில் பாதிகூட வரவில்லை. மிச்சம் எங்கே போகிறது? அலுவலர்கள்தாம் இவ்வளவு சிக்கனமாக இருக்கிறார்களே! ஆகவே, அவர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் அது போகிறது. ஐந்து மணிக்கு மேல் அந்தக் கட்டடத்தில் திறந்திருப்பது ஒரே இடம். கழித்தல் கணக்கு முடிந்தது. பழி இரண்டாம் மாடிக்கு வந்தது. தாங்கள் போட்ட நாடகத்தைத் தாங்களே உண்மை என்று நம்பிவிடும் பிழையை வேறெங்கேனும் செய்வார்களா என்று தெரியவில்லை. இங்கே அதைக் கூசாமல் செய்தார்கள்.

மறுநாள் காலை நூலகர் கட்டடப் பொறுப்பாளரைப் பார்க்கப் படியிறங்கினார். எதிரே ‘சுவெட்டர்’ ஏறி வந்தார். தரைத்தளத்தில் உள்ள ஆவணக் காப்பறையின் எழுத்தர் அவர். வெளியே வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. அவரோ முழங்கையில் ஒட்டுப் போட்ட கம்பளிச் சட்டையுடன் வந்தார். கோடையிலும் அதைக் கழற்றாத மனிதர். அதனால் வந்த பெயர்.

“என்ன சார், பனிமலைக்குக் கிளம்பியாச்சா?” என்று நூலகர் வழக்கம்போல் கேட்டார்.

“ஆமாம்மா, வண்டிக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்,” என்று அவரும் வழக்கம்போல் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டதே கிடையாது.

பொறுப்பாளர் கெட்டவர் அல்லர். அஞ்சுகிறவர், அவ்வளவுதான். அவருடைய அறையில் சன்னல்திரை முழுவதும் மூடியிருந்தது. அந்த இருட்டை விரட்ட நான்கு விளக்குகள் எரிந்தன.

“எனக்கு மட்டும் ஆசையாம்மா? மேலேருந்து கழுத்துல கத்தி வைக்கிறாங்க. குறைச்சாகணும். எதையாவது மூடினாத்தானே குறையும்?”

“அந்தக் கணக்கே தப்பு சார். என் கூடத்துல விளக்கும் விசிறியும் தவிர என்ன இருக்கு? அது ஒரு கட்டடத்தையே முழுங்குமா?”

“கணக்கு தப்புன்னா சரியான கணக்கைக் கொண்டாங்க. மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது.”

“கொண்டு வந்தா?”

“கொண்டு வாங்க, பாப்போம்,” என்று அவர் கையெழுத்திட வேண்டிய கோப்புக் கட்டை இழுத்துக்கொண்டார். அந்தப் ‘பாப்போம்’ என்னும் சொல்லில் எத்தனை வேண்டுகோள்கள் மூழ்கிப் போயின என்பதை நூலகர் அறிவார்.

அன்று இரவு கூடத்தை மூடிவிட்டு, நூலகரும் அவருடைய மருமகளும் ஒன்றாக வீட்டுக்கு நடந்தார்கள். மருமகள் துணிக்கடையில் வேலை செய்பவள். கடையில் இருந்து நேரே கூடத்துக்கு வந்து, ஆய்வக உதவியாளர் தேர்வுக்குப் படிக்கிறாள். மூன்றாம் வரிசையில் சுவரோரம் அவளுடைய இடம். மாமியாரின் கூடம் என்பதற்காக அவளுக்கு ஒரு சலுகையும் கிடையாது. பேசினால் மற்றவர்களைவிட அவளுக்குத்தான் முதலில் அதட்டல் விழும்.

“அத்தை, கதவுல ஒட்டியிருந்ததைப் படிச்சேன்.”

“நீயும் படிச்சியா? போன வாரம் முழுக்க அந்த வேதியியல் புத்தகத்துல ஒரே பக்கத்துல இருந்தியே, இதை மட்டும் முழுசாப் படிச்சுட்டே.”

“விளையாடாதீங்க அத்தை. மே மாசம் பரீட்சை. இதை விட்டா அடுத்த தடவை எனக்கு வயசு தாண்டிடும். அப்புறம் ஆயுசு முழுக்கச் சேலையை விரிச்சுக் காட்டி மடிச்சு வைக்க வேண்டியதுதான்.”

வீடு நெருங்கிவிட்டது. வீடு என்பது இரும்புப் பட்டறையின் மேல்தளம். பட்டறை மகனுடையது. அவன் கதவுச் சட்டம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான், பொறி பறந்தது, தெருவே பல்லைக் கடித்துக்கொண்டது.

“அவரு சொல்றாரு, வீட்டுலயே படியேன்னு,” என்றாள் மருமகள், காதைப் பொத்திக்கொண்டு.

“என்னது?”

“வீட்டுலயே படியேன்னு சொல்றாரு!”

“காதுல விழல!”

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆனால், படியேறும்போது மருமகளுடைய சிரிப்பு பாதியிலேயே நின்றதை நூலகர் பார்த்தார். அந்தக் கூடம் மூடினால் யாருடைய வாழ்க்கை எப்படிப் போகும் என்பதை அவர் வேறு எங்கும் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சரியான கணக்கை எப்படிக் கொண்டு வருவது? நூலகருக்கு ஒரு வழிதான் தோன்றியது. கூடம்தானே குற்றவாளி? கூடத்தை முழுவதும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தால் தெரிந்துவிடாதா? பொறுப்பாளர் அனுமதி கொடுத்தார். கட்டடத்தின் மின்பணியாளரையும் மாலையில் இருக்கச் சொன்னார். பொறுப்பாளர் மட்டும் தமக்கு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு ஐந்து மணிக்கே புறப்பட்டுப் போனார்.

அந்த மாலை, வாசகர்கள் அனைவரும் வந்து அமர்ந்த பிறகு, நூலகர் மேசையைத் தட்டினார்.

“கொஞ்ச நேரம் விளக்கை அணைக்கப் போறேன். யாரும் கோவிச்சுக்காதீங்க. நம்ம மேல விழுந்த பழியைத் துடைக்கத்தான்.”

“இருட்டுல துடைச்சாச் சரியாத் துடைக்க முடியாதே மேடம்,” என்றார் நீதிபதி.

“நீங்க கீழ வந்து சாட்சி சொல்லுங்க. வாங்க.”

படித்த பக்கத்தில் விரலை வைத்தபடியே சிலர் எழுந்தார்கள். சன்னல் வழியே அந்தி வெளிச்சம் இன்னும் இருந்தது. கூடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. விசிறிகள் தளர்ந்து நின்றன. பாதிப்பேர் நூலகருக்குப் பின்னால் படியிறங்கி, மாடிப்படிக்கு அடியில் இருந்த மின்பலகையின் முன் கூடினார்கள். மருமகளும் வந்தாள்.

மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் எவ்வளவு வேகமாகச் செலவாகிறதோ, அவ்வளவு வேகமாக அது சிமிட்டும். கூடத்தில் விளக்குகள் எரிந்தபோது அது எப்படிச் சிமிட்டியது என்பதை மின்பணியாளர் முன்பே பார்த்து வைத்திருந்தார். இப்போது கூடம் இருட்டு. முதல் மாடி இருட்டு. தரைத்தளமும் இருட்டு. அந்தச் சிவப்பு விளக்கோ, சற்று மூச்சு வாங்கியதுபோல் தயங்கிவிட்டு, மறுபடியும் படபடவென்று அடித்துக்கொண்டது.

“கொஞ்சந்தான் குறைஞ்சிருக்கு மேடம்,” என்றார் மின்பணியாளர்.

“ஆபீஸ்ல ஆளே இல்லாதப்ப யாரு இவ்வளவு சுறுசுறுப்பா வேலை பாக்குறது?” என்றார் நீதிபதி. “அவருக்கு முதல்ல பதவி உயர்வு கொடுக்கணும்.”

மின்பணியாளர் பலகையில் இருந்த பிடிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். ‘முதல் மாடி’, ‘கூடம்’, ‘முகப்பு’ என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருந்தது. எதை இறக்கினாலும் சிவப்பு விளக்கு அசரவில்லை. கடைசி வரிசையில் பெயர் எழுதாத பிடி ஒன்று மிஞ்சியது.

“இது எங்க போகுது தம்பி?”

“தெரியாது மேடம். நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து அதுக்குப் பேரு இல்ல. பேரு இல்லாததை நான் தொடுறதும் இல்ல.”

“இன்னைக்குத் தொடு. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.”

அவர் அதை இறக்கினார்.

சிவப்பு விளக்கு நின்றது. அதோடு இன்னொன்றும் நின்றது. கட்டடத்தின் பின்பக்கத்தில் இருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த ஓர் இரைச்சல், ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு அடங்கியது. அது நிற்கும் வரையில், அப்படி ஓர் இரைச்சல் இருப்பதையே அங்கே எவரும் அறிந்திருக்கவில்லை. திடீரென்று அமைதி காதில் வந்து அடைத்தது. தெருவில் ஒரு மிதிவண்டி மணி அடித்தது தெளிவாகக் கேட்டது.

“அது பக்கத்துக் கட்டடத்துச் சத்தம்னு இல்ல நினைச்சேன்!” என்றார் நூலகர்.

“நானுந்தான் அத்தை.”

எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் இருந்தவர்கள் இதைப் பற்றி என்ன நினைத்திருந்தார்களோ! மின்பணியாளர் மற்றப் பிடிகளோடு அந்தப் பிடியையும் மறுபடி ஏற்றிவிட்டார். இரைச்சல் திரும்பியது.

“ஏம்ப்பா ஏத்தினே? அப்படியே விட்டுடேன்!”

“ஐயோ மேடம்! எதுக்குப் போகுதுன்னே தெரியாம நிறுத்திட்டு வீட்டுக்குப் போனா, காலையில என் வேலையை நிறுத்திடுவாங்க.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரைச்சல் வந்த திசையில் எல்லாரும் பின்சந்துக்குப் போனார்கள். உடைந்த நாற்காலிகளும் கால் போன மேசைகளும் மலைபோல் குவிந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால், சுவரோடு சுவராக, குளிர்சாதனங்களின் வெளிப்பெட்டிகள் வரிசையாக நின்று வெந்நீர்ப் பானைகளைப்போல் அனல் கக்கின. அந்தச் சுவருக்கு உட்பக்கம் எந்த அறை? நூலகர் விரலை நீட்டிக் கணக்குப் போட்டார். பிறகு உள்ளே வந்து, தாழ்வாரத்தின் கோடியில் இருந்த பூட்டிய கதவின் முன் நின்றார்கள். ‘ஆவணக் காப்பறை’ என்று மேலே எழுதியிருந்தது. ஆய்வுக்குழு ‘பயன்பாடு இல்லை’ என்று குறித்த அறைகளுள் ஒன்று.

மருமகள்தான் கைப்பிடியை முதலில் தொட்டாள். “அத்தை, இங்க கை வையுங்களேன்.”

பித்தளைக் கைப்பிடி வியர்த்திருந்தது. நூலகர் உள்ளங்கையைக் கதவின்மேல் வைத்தார். மரம் மழைக்காலத்துத் தரையைப்போல் குளிர்ந்தது. அப்படியே சற்று நேரம் நின்றவர் திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார்.

“சுவெட்டர்!” என்றார். “அட, என் புத்தியைச் சொல்லணும்! சுவெட்டர்!”

அடுத்தடுத்து எல்லாரும் வந்து கதவில் கை வைத்தார்கள். நீதிபதி இரண்டு கைகளையும் வைத்தார்.

மறுநாள் காலையில், சுவெட்டர் சாவியோடு வரும் முன்பே நூலகர் அந்தக் கதவருகில் நின்றிருந்தார்.

“சார், ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? நீங்க ஏன் சுவெட்டர் போடுறீங்க?”

அந்த மனிதர் திகைத்துப் போனார். “உள்ள குளிருமேம்மா.”

“இத்தனை வருஷத்துல யாரும் இதைக் கேக்கலையா?”

“எங்க கிளம்பிட்டீங்கன்னு கேட்டாங்க. எந்தக் கடையில வாங்கினதுன்னு கேட்டாங்க. ஏன்னு யாரும் கேக்கல.” கேட்காதவர்களுள் தலைமையானவர் எதிரே நிற்கிறார் என்பதை அவர் சொல்லிக்காட்டவில்லை. “அக்கா பின்னிக் கொடுத்தது. இது மூணாவது.”

“உள்ள குளிரணும்னு யாரு சொன்னது?”

“காகிதம் கெடாம இருக்கணும்னு உத்தரவு.”

“உத்தரவைப் பாத்திருக்கீங்களா?”

“எனக்கு முன்னாடி இருந்தவர் சொன்னாரு.”

“அவரைக் கூப்பிடுங்க.”

பணி ஓய்வு பெற்ற அந்த முன்னவரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாராம். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் குரல் அறை முழுவதும் கேட்டது.

“காகிதத்துக்கா? காகிதத்துக்கு யாருப்பா குளிர் கேட்டது? அது பெரிய கம்ப்யூட்டர் வெச்சிருந்த அறை! அதுக்குத்தான் போட்டாங்க. அப்புறம் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போனாங்க, குளிரைத் தூக்கிட்டுப் போக மறந்துட்டாங்க. நான் பொறுப்பு எடுத்தப்பவே அது ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. சும்மாவா ஓடும், ஏதோ உத்தரவு இருக்கும்னு நினைச்சேன். ஆமா, இன்னுமா ஓடுது?”

நூலகர் பொறுப்பாளரை அழைத்து வரச் சொன்னார். சொல்லும்போதே ஒரு முடிவு செய்துகொண்டார். இந்தப் பேச்சைப் பொறுப்பாளரின் அறையில் வைத்துக்கொள்ளக் கூடாது. இங்கேயே, கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும்.

பொறுப்பாளர் அரைக்கைச் சட்டையுடன் வந்தார். அறையில் வரிசை வரிசையாக இரும்பு அடுக்குகள். அவற்றில் சிவப்பு நாடா கட்டிய கட்டுகள். சன்னல் கண்ணாடிகள் முழுவதும் மஞ்சளேறிய காகிதம் ஒட்டியிருந்தது. உட்கார நாற்காலி ஒன்று. அதில் சுவெட்டரின் சாப்பாட்டுப் பை. நூலகர் நடந்ததை எல்லாம் சொன்னார். மீட்டரைச் சொன்னார், இரைச்சலைச் சொன்னார், தோட்டத்தில் இருந்து வந்த குரலையும் சொன்னார். நிறுத்தி, நிதானமாக, ஓர் இடத்தையும் விடாமல் சொன்னார்.

“சரிம்மா, சரி. தலைமையிடத்துக்கு எழுதுவோம். அணைக்கலாமா வேண்டாமான்னு அவங்க பதில் போடட்டும்.”

“ஓடுறதுக்கு உத்தரவு எங்க சார் இருக்கு?”

“அது... இல்லை போலிருக்கு.”

“உத்தரவே இல்லாம இத்தனை வருஷம் ஓடியிருக்கு. அது யாருக்கும் உறுத்தல. நிறுத்துறதுக்கு மட்டும் உத்தரவு வேணுமா?”

“அப்படி இல்லம்மா. நாளைக்குக் காகிதம் கெட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?” பொறுப்பாளர் கைகளைக் கட்டிக்கொண்டார். அவருடைய முன்கை மயிர் சிலிர்த்து நின்றது.

“மேல வந்து என் புத்தகங்களைப் பாருங்க சார். இதே வயசுக் காகிதம். சன்னல் காத்துல இருக்கு, ஒண்ணும் கெடல. இங்க பாருங்க.” கதவருகில் இருந்த கட்டு ஒன்றை அவர் எடுத்துக் காட்டினார். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று உள்ளே வந்து குளிர்ந்து, ஈரமாகப் படிந்து படிந்து, மேலட்டை அப்பளமாக ஊதிப்போயிருந்தது. “குளிர்தான் சார் இதைக் கெடுக்குது.”

சுவெட்டர் தம் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பொறுப்பாளரிடம் நீட்டப் போனார். நூலகர் அவரை ஒரு பார்வை பார்த்தார். நீட்டிய கை தானாகவே மடங்கியது.

“அப்புறம் சார், ஆய்வுக்குழு இந்தக் கதவைத் திறக்காமலேயே போனதைப் பத்தியும் பேசணும்,” என்று நூலகர் புதிதாகத் தொடங்கினார். “அதை மொதல்லேருந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். போன மாசம்—”

“அந்தச் சுவிட்ச் எங்கய்யா இருக்கு?” என்றார் பொறுப்பாளர். பற்கள் தந்தியடித்தன.

சுவெட்டர் ஓர் அடுக்கின் பின்னால் கையை விட்டுக் காட்டினார். பொறுப்பாளர் அங்கே சென்று, ஒரு கணம் தயங்கி, தம் கையாலேயே அணைத்தார். அணைத்த பிறகு, ஏதோ பெரிய ஓசை வரும் என்று எதிர்பார்த்தவர்போல் நின்றார். ஒன்றும் ஆகவில்லை. வானமும் இடிந்து விழவில்லை.

அதன் பின் நடந்தவை வேகமாக நடந்தன. சன்னல் காகிதங்களைத் தண்ணீர் தெளித்து உரித்தார்கள். பல ஆண்டுகளாக உள்ளே வராத வெயில் அடுக்குகளின் மேல் விழுந்தது. சுவெட்டர் தம் கம்பளியை மடித்துப் பையில் வைத்தார். அதற்கு அடியில் அவர் நீலக் கட்டம் போட்ட அழகான சட்டை அணிந்திருந்தார். அந்த மனிதரிடம் சட்டைகள் இருப்பதே அலுவலகத்துக்கு அன்றுதான் தெரிந்தது. வெளிச்சம் இலவசமாக வருகிறது என்னும் செய்தி முதல் மாடிக்கும் பரவியது. சன்னல்களை மறைத்து நின்ற அலமாரிகளை நகர்த்தினார்கள். பொறுப்பாளர் தம் அறைத் திரையை விலக்கினார். தெருவில் ஒரு மரம் இருப்பதைக் கண்டு வியந்தார்.

அடுத்த மாதத்து மின்கணக்கு வந்தபோது, தலைமையிடம் கேட்டதைவிடக் கூடுதலாகவே குறைந்திருந்தது. அதுவரை நடைமுறைக்கு வராமல் கூடத்தின் கதவில் இருந்த ஆணையைப் பொறுப்பாளரே வந்து சுரண்டி எடுத்தார். அட்டையில் ‘எட்டு’ என்னும் சொல்லும் பசையோடு கிழிந்து வந்துவிட்டது.

“அந்த எடத்துல என்னம்மா எழுதறது?” என்று அவர் அசட்டுச் சிரிப்போடு கேட்டார்.

“ஒன்பதுன்னு எழுதுங்க சார்,” என்று மூன்றாம் வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது.

“அங்க யாரு பேசறது?” என்று நூலகர் அதட்டினார். மருமகள் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பொறுப்பாளர் ‘ஒன்பது’ என்றே எழுதினார்.

நூலகரும் சும்மா இருக்கவில்லை. ஆள் குறைவான நாள்களில் எல்லாரையும் ஒரு பக்கமாக அமரச் செய்து, மறுபக்கத்து விளக்கையும் விசிறியையும் நிறுத்தினார். முணுமுணுத்தவர்களிடம், “பழி போனா மட்டும் போதுமா, யோக்கியமாவும் இருக்க வேண்டாமா?” என்று கேட்டார்.

மே மாதத் தொடக்கத்தில் ஆய்வுக்குழு மறுபடியும் வந்தது. அவர்கள் வாகனத்தைப் பார்த்ததும் முதல் மாடியில் பழைய பழக்கம் தலைதூக்கிவிட்டது. படபடவென்று சுவிட்சுகள் அணைந்தன, விசிறிகள் நின்றன, கோப்பு அட்டைகள் கைக்கு வந்தன. பொறுப்பாளர் தாழ்வாரம் முழுவதும் ஓடினார்.

“போடுங்கய்யா! எல்லாத்தையும் போடுங்க! எப்பவும்போல இருங்க!”

எப்பவும்போல இருப்பது எப்படி என்று பலருக்கு மறந்துபோயிருந்தது. ஓர் எழுத்தர் பதற்றத்தில் பட்டப்பகலில் இருந்த விளக்கை எல்லாம் போட்டுவிட்டார். எப்படியோ, இம்முறை பூட்டிய அறை என்று ஒன்று இல்லை. சுவெட்டர் எல்லாச் சாவிகளையும் கொத்தாகக் கையில் வைத்துக்கொண்டு, நீலக் கட்டச் சட்டையுடன் முன்னால் நடந்தார். ஒவ்வொரு கதவையும் தாமே திறந்துவிட்டார்.

மருமகள் தேர்வு எழுதிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள்; வேதியியல் மட்டும் சற்றுக் கடினமாம். இப்போதும் கடையில் இருந்து நேரே கூடத்துக்கு வந்து, அடுத்ததாக எதற்கோ படித்துக்கொண்டிருக்கிறாள். கீழே பின்சந்தில் இரைச்சல் இல்லை. பக்கம் புரளும் ஓசைகூடக் கேட்கிறது.

இதைப் படிக்கின்ற நீங்களும் ஏதேனும் ஓர் அரசுக் கட்டடத்தில் வேலை செய்கிறவராகவோ, அங்கே வரிசையில் நிற்கிறவராகவோதான் இருப்பீர்கள். அந்தக் கட்டடத்தின் மின்சாரம் உங்களுடையது. ஆகவே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம், மறுக்காதீர்கள். நாளை அங்கே போகும்போது, தாழ்வாரத்தின் கோடியில் பூட்டிக் கிடக்கும் கதவின்மேல் உங்கள் உள்ளங்கையை வையுங்கள். குளிர்ந்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். சாவி வந்ததும், அது ஓடுவதற்கு ஆணை எங்கே என்று கேளுங்கள். ஆணை இல்லை என்றால், அதை அணைக்கும் வரையில் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.